கதவுக்குப் பின்னால் ஒரு மழைக்கோட்டு

அந்தப் படக்கதையில் யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் செத்துப்போனவர்கள், யார் வெறும் நாற்காலி என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இத்தனைக்கும் அதன் ஒவ்வொரு கட்டத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இணையத்தில் படக்கதைகள் வெளியிடும் ஒரு நிறுவனத்தில், பார்வை இல்லாத வாசகர்களுக்காகப் படங்களை வார்த்தையில் எழுதுவது என் வேலை. ஒரு கட்டத்தில் பையன் நாயைத் துரத்தினால், ‘ஒரு பையன் நாயைத் துரத்துகிறான்’ என்று எழுத வேண்டும். அவர்களுடைய போனில் ஒரு இயந்திரக் குரல் அதைப் படித்துச் சொல்லும். இதற்கு விவரணை என்று பெயர். காதல் கதை, துப்பறியும் கதை என்றால் பேசிக்கொண்டே எழுதிவிடலாம். என் தலையில் வந்து விழுந்ததோ ‘ஈரம் ஏறும் வீடு’.

ஒருவன் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவருகிறான். சுவரில் ஈரம் ஏறுகிறது. ஈரம் தொட்ட அறையில் இருந்தவர்கள் மரச்சாமான்களாகிவிடுகிறார்கள். அல்லது மரச்சாமான்கள் ஆட்களாகிவிடுகின்றன. எது எதுவாயிற்று என்று அந்த ஓவியன் சொல்லவே மாட்டான். கதாநாயகன் படியில் இறங்கினால் மேல்மாடிக்குப் போய்ச் சேருகிறான். குழாயைத் திறந்தால் பற்கள் கொட்டுகின்றன. அவன் அதைப் பார்த்துப் பயப்படாமல் ஒரு டம்ளரில் பிடித்து வைக்கிறான். ஏன், எதற்கு, டம்ளர் எங்கே போயிற்று என்று கேட்கக் கூடாது. அடுத்த வாரம் டம்ளரே இருக்காது.

படமோ, கரியைத் தேய்த்துவிட்டு அதன் மேல் ஈரத்துணியால் துடைத்ததைப் போல இருக்கும். வெளிக்கோடு என்பதே கிடையாது. கறுப்புக்குள் இன்னும் கொஞ்சம் கறுப்பாக ஏதாவது தெரிந்தால் அதுதான் மனிதன். கதாநாயகனுக்குச் சில கட்டங்களில் ஆறு விரல். அது அமானுஷ்யமா, அவசரமா என்று நான் யாரைப் போய்க் கேட்பது? ஒருமுறை வாசகர் கருத்துகளை எட்டிப் பார்த்தேன். ‘ஒண்ணும் புரியல, தூக்கம் போச்சு, அடுத்தது எப்போ?’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஏற்கெனவே இருக்கிற குழப்பமே போதும் என்று அதோடு மூடிவிட்டேன்.

இந்த வேலைக்கு நான் வந்ததே என் தங்கச்சியால்தான். வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதில் படக்கதைப் புத்தகத்தை முதலில் யார் பார்ப்பது என்று என் முடியைப் பிடித்து இழுத்தவள். படிப்பு முடிக்கும் வயதில் அவளுக்குக் கண் போய்விட்டது. ஆறு மாதம் யாரோடும் பேசாமல் கிடந்தாள். பிறகு ஒருநாள், “அக்கா, ஏதாவது ஒரு படக்கதையைப் பாத்துச் சொல்லேன்” என்றாள். சொன்னேன். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் இது என் பிழைப்பாயிற்று. அவள் இப்போது என்னோடும் என் வீட்டுக்காரரோடும்தான் இருக்கிறாள். படக்கதைகளை விமர்சித்துக் குரல் பதிவுகள் போடுகிறாள். நாக்கு நீளம். கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் கருத்தரங்கு என்று யார் கூப்பிட்டாலும் ‘பார்வையற்றோரும் படக்கதையும்’ என்ற தலைப்பைத்தான் அவளுக்குக் கொடுப்பார்கள். “நான் கதையைப் பத்திப் பேச வந்தா, என் கண்ணைப் பத்தியே கேக்கறாங்க” என்று எரிந்துவிழுவாள். அதனால்தான் அந்த அழைப்பு வந்தபோது வீடே கொண்டாடியது. படக்கதை வாசகர் வட்டம் ஒன்று, ‘ஈரம் ஏறும் வீடு’ பற்றி இணையத்தில் நேரலையாக விவாதம் நடத்துகிறது. ஓவியன் வருகிறான், ஒரு பேராசிரியர் வருகிறார், மூன்றாவதாக இவள். வெறும் விமர்சகராக. கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதற்காகவே அவள் அந்தக் கதையைப் பற்றி வெளியே வாய் திறக்காமல் இருந்தாள். பிறர் கருத்துகளையும் படிப்பதில்லை. எச்சில் என்பாள். என்னிடம் மட்டும் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொல்லிப் பார்த்தாள்.

“கதைக்கு முதுகெலும்பு இல்லக்கா. எட்டுக் கதவு திறக்கறான், ஒண்ணைக்கூட மூடறதில்ல. பல்லு வருது, போகுது. அதெல்லாம் சும்மா பூச்சாண்டி. ஆனா ஒரே ஒரு விஷயம் இருக்கு பாரு, அதுக்காகத்தான் நான் இதை விடாம படிக்கிறேன்.”

“எது?”

“அந்த மழைக்கோட்டு.”

முதல் பாகத்திலிருந்தே அது இருந்தது. கதவுக்குப் பின்னால் தொங்கும். யாரும் அதைத் தொடுவதில்லை, அதைப் பற்றிப் பேசுவதுமில்லை.

“அந்த வீட்டுல எல்லாமே வேற ஒண்ணா மாறுது. மாறாத பொருள் அது ஒண்ணுதான். ஏன்? யாரோ ஒருத்தர் மழைக்கோட்டை விட்டுட்டு மழையில வெளிய போயிட்டாங்க. எங்கேயோ நனைஞ்சுக்கிட்டே இருக்காங்க. அவங்க இல்லாததுதான் சுவத்துல ஈரமா ஏறுது. பேய் உள்ள வரலக்கா. ஆள் வெளிய போயிருக்கு.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தக் கறுப்பு மெழுகலை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை. முதன்முறையாக அந்தக் கதை எனக்குப் பிடித்தது. அதைச் சொல்லவும் செய்தேன். அவளுக்குத் தலை கால் புரியவில்லை. வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், “அப்ப நானும் படிக்கணுமா?” என்று கவலையோடு கேட்டார்.

விவாதம் சனிக்கிழமை மாலை. அன்று காலையில் புதிய பாகம் வெளியாகும். அதற்கான படங்கள் வெள்ளிக்கிழமை காலை என் மேசைக்கு வந்தன.

வழக்கமான இருட்டு. கதாநாயகன் வாசல் கதவை மெதுவாகச் சாத்துகிறான். கதவுக்குப் பின்னால் அதே மழைக்கோட்டு. அவன் வாயருகே எழுத்து: ‘அம்மா, இவ்வளவு நாளா ஏன் திரும்பாமலே நின்னே?’

அடுத்த கட்டத்தில் மழைக்கோட்டு திரும்பியது. அதற்கு முகம் இருந்தது.

நான் பயந்துபோனேன். பேயைப் பார்த்து இல்லை, இத்தனை நாளும் ‘மழைக்கோட்டு’ என்று எழுதியதை நினைத்து. பழைய பாகங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே உருண்டையாக இருந்தது தொப்பியா, தலையா? பக்கத்தில் தொங்கியது ஆளின் கையா, கோட்டின் வெறும் கையா? ஒரு தடவை பார்த்தால் முதுகைக் காட்டி நிற்கும் பெண். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தால் சாட்சாத் மழைக்கோட்டு. ஆணிகூடத் தெரிந்தது. அல்லது அது கொண்டையோ என்னவோ.

பக்கத்து மேசையில் வசன எழுத்துகளைக் கட்டத்துக்குள் பொருத்துகிறவர் இருந்தார். அவரைக் கூப்பிட்டு முதல் பாகத்தைக் காட்டினேன்.

“இது என்னன்னு சொல்லுங்க.”

“அம்மா. முதல் நாள்லேர்ந்தே நிக்கறாங்களே. கருத்துப் பகுதியில எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஏன், உங்களுக்குத் தெரியாதா?”

தெரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தேன். கீழே போய் வாசல் காவலரிடம் போனை நீட்டினேன். அவர் தூரமாக வைத்துப் பார்த்துவிட்டு, “திரைச்சீலை, மடிச்சு விட்டிருக்காங்க” என்றார். வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். ‘ஃபிரிட்ஜ் கதவு திறந்திருக்கு, மூடச் சொல்லு’ என்று பதில் வந்தது. உலகத்தில் ஒரு படம், அதற்கு நாலு ஜோடிக் கண், நாலு பதில். எனக்குத் தலை சுற்றியது. ஆனால் திரைச்சீலை என்று சொன்னவரும் ஃபிரிட்ஜ் என்று சொன்னவரும் நிம்மதியாக இருக்கலாம். அவர்களுடைய பேச்சை நம்பி யாரும் நாளைக்கு மேடையேறப் போவதில்லை.

நேராக எங்கள் மேற்பார்வையாளரிடம் போனேன். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கத்தரி. ஏனென்றால் எங்கள் நிறுவனத்தில் ஒரு விதி உண்டு. விவரணையில் ‘போல’, ‘ஒருவேளை’, ‘மாதிரி’ எதுவும் வரக் கூடாது. கேட்கிறவருக்குக் குழப்பமாக இருக்குமாம். நாங்கள் எழுதி அனுப்பினால் இந்த அம்மா அவற்றையெல்லாம் பொறுக்கி எடுத்துவிடுவார். முதல் பாகத்தில் நான் எழுதியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ‘கதவுக்குப் பின்னால் மழைக்கோட்டு போல ஏதோ தொங்குகிறது.’ வெளியே போனது: ‘கதவுக்குப் பின்னால் ஒரு மழைக்கோட்டு தொங்குகிறது.’ அடுத்தடுத்த பாகங்களில் நானே ‘போல’ இல்லாமல் எழுதப் பழகிவிட்டேன்.

“நீங்கதானே மேடம் அந்தப் ‘போல’வை எடுத்தீங்க?”

“விதி அது. அவ்வளவு சந்தேகம்னா நீங்க அப்பவே சண்டை போட்டிருக்கணும்” என்றார் கத்தரி. பிறகு திரையைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். “இதுக்கு ஏன் இப்படி முழி பிதுங்கறீங்க? ‘மழைக்கோட்டு திரும்புகிறது, அது அம்மாவாக மாறுகிறது’ன்னு எழுதுங்க. பேய்க்கதைதானே, யார் கேக்கப் போறா?”

உண்மையில் அது அற்புதமான சப்பைக்கட்டு. அந்த வீட்டில் எல்லாமே எல்லாமாகவும் மாறுகிறது. மழைக்கோட்டு அம்மாவானால் எந்த வாசகருக்கும் சந்தேகம் வராது. வாலுவுக்கும் வராது. நாளை மாலை பேராசிரியர் கேட்டுக்கொண்டிருக்க, இதுவரை மாறாமல் இருந்த ஒரே பொருள் மழைக்கோட்டு என்று அவள் ஆரம்பிக்கும்வரைக்கும் வராது. அப்புறம் கேட்கிறவர்கள் சிரிக்க மாட்டார்கள். அதுதான் கொடுமை. ‘பாவம், கண் தெரியாத பொண்ணு’ என்று இரக்கப்படுவார்கள். அதற்குப் பிறகு அவளை எந்தத் தலைப்புக்குக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

கத்தரி சொன்னபடியே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வாலு மறுநாள் உடுத்தப் போகும் சட்டையைத் தேய்த்து முடித்திருந்தாள். மேசை மேல் இஸ்திரிப்பெட்டி இன்னும் சூடாக இருந்தது. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிட்டேன். பாதி சொன்னால் மீதியை விழுங்கிவிடுவேன் என்று பயம்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“அப்ப மழைக்கோட்டே இல்லையா?”

“இருக்கற மாதிரியும் இருக்கு. இல்லாத மாதிரியும் இருக்குடி.”

“நீ எழுதினப்ப ‘மாதிரி’ இல்லையே.”

விதியைப் பற்றிச் சொன்னேன். கத்தரியைத் திட்டினேன். ஓவியனைத் திட்டினேன். வெளிக்கோடு போடத் தெரியாதவனெல்லாம் எதற்கு வரைய வருகிறான் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“குழாய்ல வந்தது பல்லுதானே?”

“பல்லுதான்” என்றேன். பிறகு யோசித்தேன். “வெள்ளையா, சின்னதா, ஒரு பக்கம் கூரா... பல்லுதான். இல்லாட்டி பூண்டு.”

“பூண்டா!”

“இல்லடி, பல்லு. தொண்ணூறு பங்கு பல்லு.”

“ஆறு விரல்?”

“அது உண்மை. எண்ணினேன்.”

அவள் சட்டையைத் தூக்கிப் பிடித்தாள். “இது பச்சைன்னு சொன்னே.”

“பச்சைதான்! அதுல என்ன சந்தேகம்?”

“உறுதியா?”

“கொஞ்சம் நீலம் கலந்த... ஆனா எல்லாரும் பச்சைன்னுதான் சொல்லுவாங்க.”

அவள் சட்டையை மடித்துக் கட்டில் மேல் வைத்தாள். மடித்ததையே திரும்பவும் மடித்தாள். “நான் எவன் கதையைப் படிச்சுக்கிட்டிருக்கேன்னே புரியலக்கா. அவன் கதையா, உன் கதையா?” என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் வழி தெரியாத இடத்தில் இறக்கிவிடப்பட்டவளைப் போல நின்றாள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவளுக்குச் சத்தம் கேட்குமே என்று குளியலறைக்குப் போய்விட்டேன்.

விவாதத்துக்கு அவள் வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை மாலை அதே சட்டையை மாட்டிக்கொண்டு மடிக்கணினிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். நான் திரையில் விழாதபடி ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். என்ன பேசப் போகிறாள் என்று கேட்டதற்கு, “தெரியல” என்று மட்டும் சொன்னாள்.

பேராசிரியர் முதலில் பேசினார். முதுகு காட்டி நிற்கும் தாயின் நிழலுரு, கருப்பையின் இருள், காலத்தின் கசிவு என்று பெரிய பெரிய வார்த்தைகளாக எடுத்து அடுக்கினார். ஓவியன் சின்னப் பையன்தான். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கும் அது புரிந்ததாகத் தெரியவில்லை.

வாலுவின் முறை வந்தது.

“நான் இந்தக் கதையைக் காதாலதான் படிக்கறேன். எனக்கு வந்த விவரணையில அது அம்மா இல்ல, மழைக்கோட்டு. முதல் பாகத்துலேர்ந்தே. நேத்துதான் எனக்கு விஷயமே தெரியும். அதனால நான் தயார் பண்ணினதெல்லாம் வீணா, இல்லையான்னு எனக்குத் தெரியல. நீங்களே சொல்லுங்க.”

என் பெயரை இழுக்கவில்லை. பிறகு அவள் எனக்குச் சொன்னதையே அவர்களுக்கும் சொன்னாள். மாறாத ஒரே பொருள். மழையில் போனவர். இல்லாதவரின் ஈரம். பேசி முடித்ததும் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இப்ப நான் கேக்கறேன்” என்றாள் வாலு. “முதல் பாகத்துல கதவுக்குப் பின்னால என்ன வரைஞ்சீங்க?”

ஓவியன் காதைச் சொறிந்தான். “அது... மழைக்கோட்டுதான்” என்றான்.

நான் ஸ்டூலிலிருந்து விழப்போனேன்.

“சும்மா, வாசல் வெறுமையா இருக்கேன்னு ஒரு மழைக்கோட்டை மாட்டினேன். மறுநாள் பாத்தா கருத்துல எல்லாரும் ‘யாரு அந்தப் பொம்பளை’ன்னு கேட்டாங்க. அப்புறம் அம்மான்னு முடிவே பண்ணிட்டாங்க. அத்தனை பேர் சொன்னா நமக்கே சந்தேகம் வருமில்ல? அடுத்தடுத்து வரையும்போது கொஞ்சம் தோள் வச்சேன். கொஞ்சம் தலை வச்சேன். எந்தப் பாகத்துலேர்ந்து அம்மாவாச்சுன்னு கேட்டா எனக்கே தெரியாது.”

“அப்ப கதையை எழுதறது யாரு?”

“தெரியலங்க. வாராவாரம் போடணுமே.”

வாலு முன்னால் குனிந்தாள். “உங்களுக்குத் தெரிஞ்சதை எங்ககிட்ட மறைச்சா, அது மர்மம். நாங்க பயப்படலாம். உங்களுக்கே தெரியாததை இருட்டா தேய்ச்சு வச்சுட்டு, தெரிஞ்ச மாதிரி காட்டினீங்கன்னா அது பயமுறுத்தறதில்ல. பூசி மெழுகறது. உங்க கறுப்பு ரொம்ப நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. அந்தக் கறுப்புல பாதி உங்க குழப்பம்தான். அதை ஒத்துக்கிட்டு வரைஞ்சிருந்தா, ஒருவேளை அதுவே பெரிய கதையா ஆகியிருக்கும்.”

ஓவியன் எதையோ குறித்துக்கொண்டான். பேராசிரியர் இருமினார். பிறகு அவளுக்குத்தான் கேள்வி மேல் கேள்வி வந்தது. படியைப் பற்றி, கதவுகளைப் பற்றி, முடிவு எப்படி இருக்கலாம் என்பதைப் பற்றி. அவள் கண்ணைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

மடிக்கணினியை மூடிய மறுகணம் நான் குதித்து எழுந்தேன். “பாத்தியா! மழைக்கோட்டுதான்! நான் சொன்னதுதான் சரி! ஊரே அம்மான்னு சொன்னப்ப நான் ஒருத்திதான் சரியாப் பாத்திருக்கேன்!”

அவள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசை மேல் வைத்தாள்.

“தெரிஞ்சா சொன்னே?”

நான் நின்றுவிட்டேன்.

“தற்செயலா சரியாப் போச்சு. அவ்வளவுதான். உனக்குத் தெரியாது. தெரியாமயே தெரிஞ்ச மாதிரி சொன்னே. ஆபீஸ்ல விதி இருக்கு, சரி. வீட்லயும் அந்த விதி இருக்காக்கா? நான் எதைக் கேட்டாலும் நீ டக்குன்னு சொல்லிடறே. வானம் எப்படி இருக்கு, உன் வீட்டுக்காரர் மூஞ்சி ஏன் அப்படி இருக்கு, என் முடி வெளுத்திருக்கா... ஒரு தடவையாவது தெரியலன்னு சொல்லியிருக்கியா?”

யோசித்துப் பார்த்தேன். இல்லை. அவளுக்குக் கண் போன நாளிலிருந்து எனக்குத் தெரியாதது என்று ஒன்று இருந்ததே இல்லை. அவளை இருட்டில் விடக் கூடாது என்று நினைத்துத்தான் அப்படிச் செய்தேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“இப்ப என் மூஞ்சி எப்படி இருக்கு? பாத்துச் சொல்லு.”

பார்த்தேன். உதடு ஒரு பக்கமாக இறுகியிருந்தது. புருவம் லேசாக ஏறியிருந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த முகம். அவள் வெடிப்பதற்கு முன்னாலும் இப்படித்தான் இருப்பாள். சிரிப்பை அடக்கும்போதும் இப்படித்தான் இருப்பாள். ‘சிரிக்கறே’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

“தெரியலடி” என்றேன்.

“நல்லாப் பாரு.”

“நல்லாத்தான் பாக்கறேன். கோபமா இருக்கியா, சிரிக்கப் போறியா, எனக்குத் தெரியல.”

அவள் விரலால் தன் உதட்டையும் புருவத்தையும் தடவிப் பார்த்துக்கொண்டாள். முகம் மாறவில்லை.

“எனக்கும் தெரியலக்கா” என்றாள்.